நெருப்பில் வைத்த வில்லுக்கத்தி

மாட்டின் குளம்பை நீங்கள் எப்போதாவது கத்தியால் செதுக்கியிருக்கிறீர்களா? இல்லையென்றால் நல்லது. நானும் செதுக்கியதில்லை. ஆனாலும் எல்லாம் தெரிந்த ஆள் மாதிரித்தான் அன்று மாட்டுப்பட்டியில் போய் நின்றேன்.

கத்தி என்னுடையது. கல்லூரி விவாதப் போட்டியில் வென்றதற்குப் பரிசாகக் கொடுத்தார்கள். மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் வில்லுக்கத்தி, சீமையில் செய்தது. கொம்புப் பிடியின் நடுவில் கல்லூரிச் சின்னம், பித்தளைக் கேடயமாகப் பதித்திருக்கும். கேடயத்தை நாலாகப் பிரித்து ஒன்றில் பனை, ஒன்றில் விளக்கு, ஒன்றில் திறந்த புத்தகம், மற்றதில் பின்னங்காலில் எழுந்து நிற்கும் சிங்கம். கீழே லத்தீனில் மூன்று சொல். எங்கள் வகுப்பில் ஒருத்தனுக்கும் அதன் அர்த்தம் தெரியாது, எனக்கும்தான். கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு அர்த்தம் சொல்லிவைத்தேன்.

படிப்பு முடிந்து ஊருக்கு, வட்டக்கச்சிக்கு வந்து, வேலைக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டுப் பதில் இல்லாமல் குந்தியிருக்கிற இந்த ஒன்றரை வருடத்தில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் இந்தக் கத்தியைப் பராமரித்ததுதான். கோழி இறகால் மடிப்புக்குள் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். கேடயத்துக்குப் புளியும் சாம்பலும். சிங்கத்தின் நகம்வரை தெரியவேண்டும். வாய்க்கால் மதகின் சீமெந்துக் கட்டில் தண்ணீர் தெளித்து, அலகைச் சரித்துப் பிடித்து, இந்தப் பக்கம் இருபது தரம், அந்தப் பக்கம் இருபது தரம். பிறகு பழைய பெல்ட் தோலில் ஓர் இழுவை. கூர் பார்க்க முன்கை மயிரை வழித்து வழித்து இடது கை மொட்டையாகிவிட்டது.

"உதாலை என்னத்தை வெட்டப்போறாய், தம்பி?" என்று கேட்பார் ஐயா, என் தகப்பன்.

"பென்சில் சீவத்தான், ஐயா."

"சீவிச் சீவியே முடிச்சுப்போடு. வேலை வரேக்கை எழுத ஒண்டும் இராது."

எங்களிடம் இருந்தது மூன்று ஏக்கர் காணி, ஒரு சோடி மாடு. முந்திய போகத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. இந்தப் போகமும் தவறினால் வீட்டில் நெல் இல்லை. ஐப்பசி மழை விழுந்ததும் உழவேண்டும். அதற்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு மாடு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. குளம்புக்குள் ஈச்சமுள். ஏறி, முறிந்து, சீழ் வைத்துவிட்டது. குளம்பைச் செதுக்கி முள்ளை எடுத்தால் ஒரு கிழமையில் நடக்கும். வீட்டில் இருந்த கொடுவாக்கத்தியின் அலகு அதற்குத் தடிப்பு.

"உன்ரை கத்தியைத் தா," என்றார் ஐயா. அந்தக் கத்தியை அவர் கேட்டது அதுதான் முதல்முறை. "வேப்பிலை அவிச்ச தண்ணியிலை ஒருக்கால் போட்டெடு, காணும்."

"அது காணாது, ஐயா. கிருமி சாகாது. கல்லூரி லாப்பிலை நாங்கள் நெருப்பிலைதான் காட்டுறனாங்கள்."

மாட்டின் கயிற்றைப் பிடித்து நின்ற பக்கத்துக் காணிக்காரர் சிரித்தார். "அண்ணை, உங்கடை மாட்டுக்கு இங்கிலிசு வைத்தியம் கிடைக்கப்போகுது. குடுத்து வைச்ச மாடு!"

எனக்கு ரோசம் ஏறிவிட்டது. லாப்பில் ஊசியைச் சுடரில் ஒரு கணம் காட்டுவார்கள், அவ்வளவுதான். நான் குசினிக்குள் போய், பிடியை ஈரச் சாக்கால் சுற்றிக்கொண்டு, அலகைத் தணலுக்குள் புதைத்து, செக்கச் செவேலென்று ஆகும்வரை வைத்திருந்தேன். பிறகு அடுப்புக்கல்லில் சாய்த்து மெல்ல ஆறவிட்டேன். அலகு கறுத்து, அங்கங்கே நீலம் பூத்தது. கிருமியெல்லாம் செத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

ஐயா செதுக்கினார். நாலு இழுப்பில் கத்தி வழுக்கியது. விளிம்பு மடிந்திருந்தது. ஓடிப்போய் மதகுக் கட்டில் தீட்டிக்கொண்டு வந்தேன். தீட்டும்போது கூர் வந்தது. குளம்பில் பட்டதும் மெழுகு மாதிரித் திரும்பவும் மடிந்தது. இன்னொரு தரம் ஓடினேன். முள்ளின் முனை தெரிந்துவிட்டது என்று ஐயா பலமாக அழுத்தினார். அலகு வளைந்து, விலகி, சதைக்குள் ஆழமாக இறங்கியது. மாடு உதறியது. இரத்தம். முள் இன்னும் உள்ளே போய்விட்டது.

"தம்பி, இது கத்தியோ தகரமோ?" என்றார் பக்கத்துக் காணிக்காரர். இந்தத் தரம் அவர் சிரிக்கவில்லை.

"மயிர் வழிச்ச கத்தி, ஐயா. நேற்றும் வழிச்சது..."

"காணும்," என்றார் ஐயா. "மாட்டை விடுங்கோ."

மூன்றாம் நாள் கால் முழங்கால்வரை வீங்கியது. மிருக வைத்தியரைக் கூட்டிவரச் சைக்கிளில் கிளிநொச்சிக்குப் போனேன். அவர் வந்து பார்த்துவிட்டு, பிந்திவிட்டது என்றார். மாடு படுத்தது, எழும்பவில்லை. மழைக்கு முந்தின நாள் செத்தது. புதைக்கக் கிடங்கு வெட்டியது நானும் ஐயாவும்.

கத்தியை மாங்குளத்துக் கொல்லரிடம் கொண்டுபோனேன். ஏன் போனேன் என்று தெரியாது, மாடு திரும்பியா வரப்போகிறது? அலகை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். "ஆர் உதை நெருப்பிலை வைச்சது?"

"நான்தான்."

"படிச்ச பிள்ளை போலை கிடக்கு?"

எஃகைச் சிவக்கக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் அது மென்மையாகும். பௌதிகப் பாடத்தில் இருந்தது. சோதனைக்கு வந்தது. நான் எழுதினேன், சரியாக எழுதினேன். குசினியில் தணலுக்கு முன்னால் குந்தியிருந்தபோது அந்தப் பக்கம் எங்கே போனது? ஊருக்கே பிரசங்கம் வைக்கிற மண்டையில் தேவையான நேரத்தில் ஒரு வரி வரவில்லை. மற்றவனுக்கு முன்னால் விண்ணன், எல்லாம் தெரிந்தவன் என்று காட்டவேண்டும், அது மட்டும்தான் அப்போது மண்டைக்குள் இருந்தது.

மழை பெய்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் எல்லாரும் உழுதார்கள். மிஞ்சிய ஒற்றை மாட்டோடு சோடி சேர்க்க மாடு இரவல் கேட்டு ஐயா மூன்று வீட்டுக்குப் போனார். அதே மழை, அதே ஈரம். எவர் தன் மாட்டை விடுவார்? அவர்களில் பிழையில்லை. விட முடிந்தபோது பள்ளத்தில் கிடந்த எங்கள் வயல் இடுப்பளவு தண்ணீரில் நின்றது.

"ஐயா, என்னை ஒருக்கால் ஏசுங்கோவன்," என்று கேட்டேன்.

"ஏசினால் உழுபடுமோ?" என்றார்.

அது போன மாதம். ஐயா இப்போது பக்கத்துக் காணியில் கூலிக்குக் களை பிடுங்குகிறார்.