அல்வாவுக்கு வந்த கால்வலி

பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே ரத்னாவின் தையல்கடை இருக்கிறது. ரவிக்கைதான் அவள் பிழைப்பு. நாற்பதாவது வயதில் அவள் குதிரை ஏறியதற்கும் அந்தத் தையல்தான் காரணம். அடையாற்றுப் பக்கம் இருக்கும் ஒரு சவாரிப் பள்ளிக்காரர்கள், சவாரிக்குப் போடும் கால்சட்டைகளைத் தைத்துத் தரச் சொன்னார்கள். முதல் கால்சட்டை தொடையில் பிடித்தது. அடுத்தது முட்டியில் பிடித்தது.

"உக்காந்தா எங்க இழுக்குதுன்னு தெரியாம நான் எப்டி வெட்றது? என்னியே ஒரு தபா ஏத்தி வுடுங்க" என்றாள்.

ஏற்றிவிட்டார்கள். அடுத்த கால்சட்டை கச்சிதமாக அமைந்தது. ஆனால் ரத்னாவுக்குத்தான் இறங்க மனம் வரவில்லை.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் காலையில் கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு வீட்டிலிருந்து கிளம்பிவிடுவாள். அவளுக்கு அமைந்த குதிரையின் பெயர் அல்வா. பழுப்பு நிறம், பருத்த வயிறு, எதிரே நிற்பவர் பையில் மூக்கை விட்டுத் துழாவும் குணம். ஓடு என்றால் ஒரு முறை யோசித்துவிட்டுத்தான் ஓடும். ரத்னாவுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

போன ஜனவரியில் பள்ளி நடத்திய போட்டியில், புதியவர்கள் பிரிவில் அவள் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். முழங்கால் உயரத்துக்கு வைத்த கட்டைகளைக் குதிரையோடு தாண்டி வர வேண்டும். அவள் கணவன் கருணாகரன் ஆட்டோ ஓட்டுகிறவன். செய்தியை வைத்துக்கொண்டு அவனால் சும்மா இருக்க முடியவில்லை. பிளாக் முழுக்கச் சொல்லி, எல்லாரும் வந்து பார்க்க ஒரு வேனும் பேசிவிட்டான்.

போட்டிக்கு முதல் நாள் சனிக்கிழமை. கடையைத் திறக்கும் முன் அல்வாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ரத்னா லாயத்துக்குப் போனாள். அல்வா அவள் பையைத் துழாவ வரவில்லை. முன்னங்கால்களில் ஒன்றை நுனி மட்டும் தரையில் படும்படி வைத்துக்கொண்டு நின்றது. வெளியே நடத்திப் பார்த்தாள். அந்தக் கால் தரையில் படும்போதெல்லாம் தலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"இன்னாடா ஆச்சு ராஜா?" என்று குனிந்து குளம்பைத் தொட்டாள். சுட்டது.

தகவல் போனதும் கால்நடை மருத்துவர் ஷண்முகப்ரியா வந்தார். லாடத்தைக் கழற்றிவிட்டு, பெரிய இடுக்கி மாதிரி ஒன்றால் குளம்பைச் சுற்றி மெதுவாக அழுத்திக்கொண்டே போனார். ஓர் இடத்தில் அல்வா காலை வெடுக்கென்று இழுத்தது.

"இங்கதான். உள்ள சீழ் கட்டியிருக்கு. மழையில குளம்பு ஊறியிருக்கும், அழுக்கு உள்ள போயிருக்கும்."

ரத்னா தயங்கினாள். வேனில் வரப்போகிறவர்களின் முகங்களெல்லாம் கண்ணுக்குள் வந்து போயின. "டாக்டரம்மா, நாளைக்கு மட்டும் வலி தெரியாத மாதிரி ஒரு ஊசி..."

"போடலாம்க்கா. வலி தெரியாதுங்கிறதாலயே அது குதிக்கும். அப்புறம் எவ்வளவு நாள் நிக்க முடியாமப் போகும்னு நான் சொல்ல முடியாது."

"வேணாம், வேணாம்" என்றாள் ரத்னா அவசரமாக. அல்வாவின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள்.

மருத்துவர் சின்னக் கத்தியால் குளம்பின் அடியைச் சீவியதும் கறுப்பாக நாற்றமெடுத்த நீர் வழிந்தது. அல்வா நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. வெந்நீரில் உப்பு போட்டுக் காலை ஊறவைக்க வேண்டும், பிறகு மருந்து வைத்து அழுக்குப் படாமல் கட்ட வேண்டும் என்றார் ஷண்முகப்ரியா. "கட்டுறதுக்குக் குழந்தைங்க டயாப்பர்தான் பெஸ்ட். வாங்கிட்டு வந்துடுங்க."

அடையாறு மருந்துக் கடையில் கூட்டம்.

"கொழந்தைக்கு எத்தினி மாசம்மா?" என்றார் கடைக்காரர்.

"பதினாலு வயசுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வெயிட்டு?"

"நானூறு கிலோ இருக்கும். எதுக்கும் பெர்ய சைஸா குடுங்க."

விஷயம் தெரிந்ததும் கடையே சிரித்தது. குதிரையின் காலுக்கு என்று கடைக்காரர் ஒரு சுருள் பிளாஸ்திரியும் சேர்த்துக் கொடுத்தார்.

டயாப்பர் நன்றாகத்தான் உட்கார்ந்தது. ஆனால் அல்வா நாலு எட்டு வைத்ததும் அடியில் தேய்ந்து கிழிந்தது. ரத்னா இஞ்ச் டேப்பை எடுத்துக் குளம்பை அளந்தாள். அல்வா டேப்பின் மறுமுனையைக் கடித்துத் தின்னப் பார்த்தது. அவள் கடைக்குப் போய், பைகள் தைக்க வைத்திருந்த தடித்த ரெக்சினை வெட்டி, அடியில் இரண்டு மடிப்பு கொடுத்து, மேலே சுருக்குக் கயிறு வைத்து ஒரு பூட்ஸ் தைத்தாள். சாயங்காலம் அதை மாட்டிவிட்டதும் அல்வா காலைத் தூக்கித் தூக்கி வைத்து லாயத்தைச் சுற்றி வந்தது.

வீட்டுக்கு வந்து கருணாகரனிடம் சொன்னாள். "பேருக்கேத்த மாதிரி நமக்கே அல்வா குட்த்துடுச்சா?" என்றான் அவன்.

"சிரிக்காதய்யா. அதுக்கு வலிச்சிக்கினு கீது. வேன வேணாம்னு சொல்லிடு."

"எதுக்கு? குதிர ஓடலன்னா இன்னா, பாத்துட்டு வர்றோம். புளிசாதம்லாம் ரெடி பண்ணிக்கினு கீறாங்க."

மறுநாள் வேன் வந்து நின்றது. ஆளாளுக்குக் கேரட்டோடு இறங்கி, நேராக லாயத்துக்குப் போய் அல்வாவைச் சூழ்ந்துகொண்டார்கள். அதன் பூட்ஸைப் போட்டோ எடுத்தார்கள். ரத்னா சிரித்துப் பேசினாலும், மைதானத்தில் மணி அடிக்கும்போதெல்லாம் அவள் கண் அந்தப் பக்கம் போனது.

அப்போதுதான் மெஹபூப் அலி வந்தார். ராயப்பேட்டையில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ரத்னா போட்டியிட இருந்த அதே பிரிவில், ரோஷினி என்ற சொந்தக் குதிரையில் சற்றுமுன்தான் ஒரு கட்டையைத் தட்டிவிட்டு முடித்திருந்தார்.

"ரத்னாம்மா, போட்டி நடத்துறவங்ககிட்ட கேட்டுட்டேன். குதிரைய மாத்திக்கலாமாம். ரோஷினிய எடுத்துக்கோ."

"பாய், நான் அது மேல ஏறினதே இல்லியே!"

"திருப்பத்துல மட்டும் அவசரப்படுத்தாதே, கோச்சுக்கும். மத்தபடி தங்கம். சீக்கிரம் ஏறு, உன் பேர கூப்டப் போறாங்க."

ரோஷினி யோசிக்கிற ஜாதி இல்லை. ரத்னா குதிகாலைத் தொட்டதுமே கிளம்பிவிட்டது. முதல் கட்டையைத் தாண்டியபோது அவள் ஒரு கால், மிதித்திருந்த அங்கவடி வளையத்திலிருந்து நழுவியது. பிடரியைப் பிடித்துக்கொண்டு காலைத் திரும்ப நுழைத்தாள். திருப்பம் வந்தது. அவசரப்படுத்தவில்லை. ரோஷினியின் காது முன்னால் திரும்பியது. அதற்குப் பிறகு பயம் போன இடம் தெரியவில்லை. ஒவ்வொரு கட்டையும் வருவதும் காலுக்குக் கீழே போவதும் ஊஞ்சல் மாதிரி இருந்தது. "அப்டிதான் ரத்னா! வுடாத!" என்று வேலியோரம் கருணாகரன் கத்தியது ஹவுசிங் போர்டு வரை கேட்டிருக்கும். சவாரிப் போட்டியில் விசிலடிக்கக் கூடாது என்று யாரும் வேனில் வந்தவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

ஒரு கட்டையும் விழவில்லை. ரத்னாவுக்கு மூன்றாவது இடம். மெஹபூப் அலிக்கு நான்காவது.

அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "என் குதிரைய வெச்சே என்னைத் தோக்கடிச்சுட்டியேம்மா!"

"குட்த்தது நீங்கதான பாய்."

"அந்த ரோஷினிகிட்ட நான் தனியா பேசிக்கிறேன்" என்றவர், சிரிப்பை அடக்க முடியாமல் புளிசாதத்துக்குக் கை நீட்டினார்.

ரத்னா வெண்கலப் பதக்கத்தோடு லாயத்துக்கு ஓடினாள். அல்வா அதை முகர்ந்தது, நக்கியது, தின்பதற்கானது இல்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இரண்டு வாரத்தில் குளம்பு ஆறிவிட்டது. புது லாடம் அடித்து, முதல் நாள் மைதானத்தைச் சுற்றி மெதுவாக நடத்தினாள். பாதி வழியில் வேலியோரப் புல்லைக் கண்டு அது நின்றுவிட்டது. அன்றைக்கு ரத்னாவுக்கும் எந்த அவசரமும் இல்லை. கடிவாளத்தைத் தளர்த்திவிட்டு, அது மேய்ந்து முடிக்கும்வரை மேலேயே உட்கார்ந்திருந்தாள்.