உடும்பஞ்சோலையில் அடுக்கிய ஏலப்பெட்டிகள்

கொச்சித் துறைமுகத்தில் எந்தக் கப்பலை எந்தத் துறையில் கட்டுவது, எந்தக் கிரேனை எதற்குக் கொடுப்பது என்று முறை போடுவது என் வேலை. அங்கே வரும் ஏலக்காய்ப் பெட்டிகளில் 'உடும்பஞ்சோலை' என்று மையால் எழுதியிருக்கும். அந்தப் பெயரிலேயே எனக்கு ஒரு மயக்கம். 1955 மார்கழியில் நாலு நாள் லீவு போட்டுக் கிளம்பிவிட்டேன்.

மூணாறுக்கு பஸ்ஸில் எண்பது மைல். ஒரு பகல் போய்விடும். இரவு அங்கே தங்கிக் காலையில் ஜீப் பிடியுங்கள். முப்பது மைலுக்கு ஜீப் டிரைவர் ஐந்து ரூபாய் கேட்டார், கொடுத்தேன். கம்பளி கட்டாயம். தேவிகுளம் தாண்டியதும் பனி வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. பாதை, மரம், டிரைவரின் பேச்சு எல்லாம் கரைந்து ஏல வாசனை மட்டும் மிஞ்சியது. நான் விழித்திருந்தேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

புதன் மத்தியானம் ஏலக் கிட்டங்கிக்குப் போனேன். மேஸ்திரி அருளப்பன், திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர், பெருமையோடு கதவைத் திறந்து காட்டினார். கூரை தொடப் பெட்டிகள், நூல் பிடித்தாற்போல். மறுநாள் இந்தச் சரக்குக்குக் கொச்சியில் கப்பலாயிற்றே, ஏன் இன்னும் லாரியில் ஏற்றவில்லை என்று கேட்டேன்.

"கொச்சி லாரி டிரைவர், 'வியாழாழ்ச்ச அடுக்கும்'னு சொல்லிட்டுப் போனாவ. நான் ஒரு நா முந்தியே அடுக்கிட்டேன் சார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மலையாளத்தில் கப்பல் 'அடுக்கும்' என்றால் கரை சேரும். வேதப்புத்தகத் தமிழில் வளர்ந்த அருளப்பன் காதிலோ அது 'வாரும்', 'தாரும்' போல மரியாதையான உத்தரவு: ஐயா, அடுக்கும்! கப்பல் கட்டும்போது சரக்கு வந்திருக்காவிட்டால் கிரேனை வேறு கப்பலுக்குத் தள்ளிவிடுவோம். அதில் நான் படு கறார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் செத்துவிட்டது.

"கப்பல் போச்சுன்னா என் வேலையும் போச்சு சார்."

லீவாவது ஒன்றாவது. தோட்டத்து லாரி வாசலிலேயே நின்றது. அடுக்கியதையெல்லாம் கலைத்து ஏற்றினோம். நானும் தோள் கொடுத்தேன். பொழுது சாயும்போது மலை இறங்கினோம். பெட்டிகளுக்கு நடுவில் அவரும் நானும். பனியும் வாசனையுமாக அந்த இறக்கம் முழுதும் ஒரே கனவு. பயம்கூடப் பாதித் தூக்கத்தில்தான் வந்தது.

வியாழன் காலை துறைக்கு வந்தபோது கப்பலை அப்போதுதான் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கிரேன் கை மாறவில்லை. கடைசிப் பெட்டி மேலே போகும்வரை அருளப்பன் அண்ணாந்தே நின்றார்.

"அந்தக் கரையிலயும் இத வாங்கி வைக்க ஒருத்தன் காத்துக்கிட்டு நிப்பாம்லா சார்?"

நிற்பான் என்றேன். அந்தப் பக்கம் போகிறவர்கள், மலையாளச் சொல் தமிழ்போலவே கேட்டாலும் ஒரு தடவை திருப்பிக் கேட்டுக்கொள்ளுங்கள். என் சங்கதி வேறு. மலைச் சரக்கு தாமதம் என்று யாராவது சொன்னால், கிரேனை உடனே மாற்ற எனக்கு இப்போது கை வருவதில்லை.