ரேஸுக்குப் போன சனிக்கிழமைகள்

கல்யாணமாகி மில்பிடாஸுக்கு வந்த நான்காம் மாதம். அபார்ட்மெண்ட் லாண்டரி ரூமில் துணி போடும்போது என் கணவரின் சட்டைப் பையில் கிழிந்த சீட்டுகள் நாலைந்து கிடைத்தன. ஒவ்வொன்றிலும் ஒரு எண், பக்கத்தில் இரண்டு டாலர் என்று அச்சாகியிருந்தது. சனிக்கிழமை தவறாமல் "ஆபீஸ்ல கொஞ்சம் வேலை இருக்குது" என்று கிளம்பிப் போகிறவர் அவர்.

சாயங்காலம் சீட்டுகளைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்தேன். அவருக்குக் காது சிவந்துவிட்டது.

"குதிரை ரேஸ், அம்மிணி" என்றார்.

எங்கள் ஈரோட்டுப் பக்கம் ரேஸுக்குப் போகிறவர் என்றால் தோட்டத்தை விற்றவர் என்றுதான் அர்த்தம். ஆனால் எனக்கு அழுகை முட்டியது அதனால் இல்லை. என் விசாவில் வேலை பார்க்கக் கூடாது. கார் ஓட்டத் தெரியாது. வாரம் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவளைச் சனிக்கிழமையும் விட்டுவிட்டா போனார்?

"ஏனுங்க, என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாமில்ல?"

அவர் எதிர்பார்த்த கேள்வி இது இல்லை. "நீ வருவீன்னு நெனைக்கவே இல்ல. இந்த வாரம் வா. உனக்குப் புடிக்கலீன்னா நானும் போகல."

எனக்குப் பிடித்துவிட்டது. மைதானத்துக்குப் போனதும் அவர், எண்களால் நிரம்பிய ஒரு புத்தகத்தை விரித்து, எந்தக் குதிரை முன்பு எத்தனை நொடியில் ஓடியது என்று சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நான் மைதானத்தின் பின்பக்கம் போனேன். ஓட்டத்துக்கு முன் குதிரைகளை அங்கே வட்டமாக நடத்திக் காட்டுவார்கள். அந்தியூர்ச் சந்தையில் என் அப்பா மாடு வாங்கும்போது சுழி பார்ப்பார். நானும் வேலியோரம் நின்று குதிரை நெற்றியில் சுழி தேடினேன். எந்தச் சுழிக்கு என்ன பலன் என்பது பாதிதான் ஞாபகம். இருந்தும் அன்றைக்கு நான் பணம் கட்டிய குதிரைகள் இரண்டு ஓட்டங்களில் முதலில் வந்தன. அவருடையது ஒன்றும் வரவில்லை.

திரும்பும் வழியில் காரில் கேசட் சண்டை. அவருக்கு நாதஸ்வரம். ஒரு பக்கம் முழுக்க ஒரே ராகம் ஓடும். எனக்குச் சினிமாப் பாட்டு. ஈரோடு பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்த கேசட்.

"சரி, இனி யாரு குதிரை அதிகமா ஜெயிக்குதோ, வர்றப்ப அவங்க கேசட்" என்றார். சொன்னதற்கு நன்றாக அனுபவித்தார். ஐந்தாறு வாரம் தொடர்ந்து நான்தான் ஜெயித்தேன். புத்தகக் கணக்குப்படி அவர் குதிரைகள்தான் ஜெயித்திருக்க வேண்டும்.

பிறகு ஒரு மழை நாள். மைதானம் முழுக்கச் சேறு. அவர் பணம் கட்டியிருந்த சாம்பல் குதிரை கடைசி வளைவில் எல்லாவற்றையும் தாண்டி வந்தது. அவர் குதித்த குதியில் காபி மொத்தமும் என் கோட்டின் மேல்.

திரும்பும்போது அவர் கேசட்தான். பாலத்தில் டிராஃபிக் நின்றுவிட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். ராகம் முடிந்து தவில் மட்டும் தனியாக ஆரம்பித்தது. அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டே கேட்டார்:

"வளைவு திரும்பி குதிரைங்க நேரா வருமில்ல, அப்ப காது குடுத்துக் கேட்டிருக்கியா?"

"நானெங்க கேட்டேன்? என் குதிரையைத்தானே பாப்பேன்."

"அடுத்த வாட்டி கண்ண மூடிக்கிட்டுக் கேளு. தவுலேதான். நான் வர்றதே அதுக்குத்தான். பெட் கட்டறதெல்லாம், சும்மா நின்னா நல்லா இருக்காதேன்னு."

அவர் இங்கே வந்த முதல் வருஷம் பேச ஆளில்லாமல் இருந்தபோது, ஆபீஸ்காரர் ஒருவர் இழுத்துக்கொண்டு போனாராம். அந்தச் சத்தம் கேட்டு அப்படியே நின்றுவிட்டாராம். தவில் கேட்கக் குதிரை ரேஸுக்குப் போகிறேன் என்று புதுப் பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது? ஆபீஸ் வேலை என்றுவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் கம்பி வேலியை ஒட்டி நின்றோம். கண்ணை மூடினேன். முதலில் கூட்டத்தின் கூச்சல்தான். அப்புறம் காலுக்கடியில் என்னவோ அதிர்ந்தது. அது மேலே ஏறி, நெருங்கி, தனித்தனி அடிகளாகி, முகத்துக்கு நேரே கொட்டிவிட்டுப் போயிற்று. என் குதிரை என்னவானது என்று பார்க்கவே மறந்துவிட்டேன். ஜெயித்திருந்தது.

அதற்காக நான் விட்டுக்கொடுக்கவில்லை. என் கேசட்டைத்தான் போட்டேன். அவர் வரிகளைத் தப்பும் தவறுமாகக் கூடவே பாடிக்கொண்டு வந்தார்.

பிறகு மகள் பிறந்தாள். அவருக்கு வேலை மாறி டெக்சாஸில் ஆலனுக்குப் போனோம். ரேஸ் மைதானத்துக்கு அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். மகளுக்கு மூன்று வயதானபோது ஒருமுறை அழைத்துப் போனோம். மணி அடித்ததுமே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "டூ லவுட், அப்பா! ஐ வான்ட் டு கோ ஹோம்!" என்று அலறினாள்.

"நீ இருந்து பாத்துட்டு வா" என்று சொல்லி, அவளைத் தூக்கிக்கொண்டு பார்க்கிங் பக்கம் நடந்துவிட்டார்.

நான் தனியாக வேலியோரம் நின்று கேட்டேன். திரும்பிப் போனபோது அவள் அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். எந்தக் குதிரை ஜெயித்தது என்று அவர் கேட்கவில்லை.

"எப்படி இருந்துச்சு?" என்றார் மெல்ல.

காய்ந்த மண், சத்தம் கொஞ்சம் கட்டையாக இருந்தது என்றேன். அவருக்கு அது போதவில்லை. குழந்தை விழித்துவிடாமல், கார் பானட்டின் மேல் விரல்களால் தட்டிக் காட்டினேன்.