வாரின் மறுமுனை

என் மகள் தவழ்வதை நிறுத்திய மறுவாரமே ஓட ஆரம்பித்துவிட்டாள். இடையில் நடப்பது என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள் ஓடிய வரைக்கும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். கூலாய் பசார் மாலாம் இரவுச் சந்தையில் அப்பம் பாலிக் வாங்க நான் ஒரு கையை நீட்டிய நேரத்தில், மறு கையில் இருந்த அவளுடைய விரல்கள் வழுக்கிக்கொண்டு போயின. அன்றோடு அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

பெயரைச் சொல்லிக் கத்தினேன். அப்பம் சுட்டுக்கொண்டிருந்த பெண் கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்து தேடினாள். ஆட்களின் கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். கடைசியில் காய்கறிக் கடை ஓரத்தில், நான் அண்ணி என்று கூப்பிடும் என் கணவரின் அக்கா நின்றிருந்தார். பக்கத்து வீட்டுக்காரரோடு காரில் சந்தைக்கு வந்திருக்கிறார். என் மகள் அவர் இடுப்பில் உட்கார்ந்து, அவித்த சோளத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“என் செருப்பப் பாத்தே அடையாளம் கண்டுட்டா,” என்றார் அண்ணி. “காலக் கட்டிக்கிட்டா. யாரோ பிள்ளைன்னு குனிஞ்சு பாத்தா, நம்ம பிள்ளை.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குழந்தை கிடைத்த நிம்மதி காருக்குப் போய்ச் சேர்வதற்குள் தீர்ந்துவிட்டது. அவள் எங்கே தொலைந்தாள்? என் கையை உருவிக்கொண்டு அவரிடம் போயிருக்கிறாள்.

நான் சிங்கப்பூரில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில், வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். விடிவதற்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் எல்லைப் பாலத்தைத் தாண்டி நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். என் கணவர் செனாயில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறார். வேலைக்குப் போவதற்கு முன், தூங்கும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு போய் செடெனாக்கில் அவருடைய அக்கா வீட்டில் விட்டுவிடுவார். அண்ணியின் கணவர் இறந்து பல வருடம் ஆகிவிட்டது. ஒரே மகள் கட்டிக்கொடுத்துப் பாசிர் கூடாங்கில் இருக்கிறாள். என் மகளைப் பார்த்துக்கொள்ள அவரை நாங்கள் கேட்கவே இல்லை. “வேற எங்க விடப் போறீங்க?” என்று அவரே கேட்டார்.

என் மகள் எடுத்து வைத்த முதல் அடியை நான் கைப்பேசியில்தான் பார்த்தேன். பஸ் பாலத்தில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. படத்தில் அவள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, படம் பிடிப்பவரை நோக்கி வந்தாள். படம் பிடித்தது அண்ணி. பக்கத்து இருக்கையில் இருந்த பெண்ணிடம் காட்டினேன். அவள் பாராட்டினாள். நான் கைப்பேசியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பசார் மாலாம் சம்பவத்துக்குப் பிறகு, குழந்தைகளை மாட்டிப் பிடித்துக்கொள்ளும் பாதுகாப்பு வார் வாங்கியே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். என் கணவர் இழுத்தார்.

“நாலு பேரு என்ன சொல்வாங்க? நாய்க்குட்டி மாதிரி இருக்குன்னு சொல்லுவாங்க லா.”

“சொல்றவங்க வந்து பிடிச்சுக்கட்டும்,” என்றேன்.

முதலில் வாங்கியது மணிக்கட்டு வார். ஒரு பட்டை குழந்தையின் கையில், ஒரு பட்டை நம் கையில், நடுவில் சுருள் கயிறு. ஒட்டிப் பிரிக்கும் பட்டையை அவள் பல்லால் கடித்து இழுத்தே திறந்துவிட்டாள். அவள் ஓடி நான் நின்றால் இழுப்பு முழுவதும் அந்தச் சின்ன மணிக்கட்டில் விழுவதையும் பார்த்தேன். அடுத்தது முதுகில் மாட்டும் குரங்குப் பை. குரங்கின் வால்தான் வார். அழகாகத்தான் இருந்தது, ஆனால் மார்புக்குக் குறுக்கே பூட்டும் கொக்கி மெல்லியதாக, ஒரு இழுப்பில் நழுவியது. மூன்றாவதாக வாங்கியதுதான் நின்றது. தோள் இரண்டிலும் மார்பைச் சுற்றியும் வரும் அகலமான வார். கால்களுக்கு நடுவிலும் ஒரு பட்டை இருந்ததால் அவள் குனிந்து உருவிக்கொள்ள முடியவில்லை. பிடிவார் முதுகில் இரும்பு வளையத்தில் மாட்டியிருக்கும். இழுத்தால் உடம்பு முழுவதும்தான் நிற்கும், கழுத்துக்கு ஏறாது. கொக்கியை என் கட்டைவிரலாலேயே சிரமப்பட்டுத்தான் அழுத்த முடிந்தது. அதே வாரை உணவுக் கடையின் குழந்தை நாற்காலியிலும் மாட்டலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை அண்ணி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் விளக்கினேன். வாருக்கும் சட்டைக்கும் நடுவில் இரண்டு விரல் போகவேண்டும். சறுக்கு மரத்தில் ஏறவிட்டால் கழற்றிவிட வேண்டும், எங்காவது மாட்டிக்கொள்ளும். மேசைக் காலிலோ கதவிலோ ஒருபோதும் கட்டிவைக்கக் கூடாது. அண்ணி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். எனக்குத் திருப்தியாக இருந்தது. என் குழந்தையைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்லிக்கொடுக்கிறேன் அல்லவா?

அந்தத் திருப்தி அடுத்த வாரமே போய்விட்டது. நான் வாரைப் பிடித்தால் என் மகள் தரையில் உட்கார்ந்துகொள்வாள். இழுத்தால் படுத்துக்கொள்வாள். கடைவீதியில் எத்தனை முறை அவளை மூட்டை மாதிரி தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். அண்ணி பிடித்தாலோ கதையே வேறு. அவள் முன்னால் “கூ” என்று சத்தம் போட்டுக்கொண்டு போவாள், அண்ணி பின்னால் ரயில் பெட்டி மாதிரி தொடர்ந்து போவார். வேண்டுமென்ற இடத்தில் அண்ணி “டேசன் வந்துருச்சு” என்பார். அவள் நின்றுவிடுவாள். நானும் ஒருநாள் “டேசன் வந்துருச்சு” என்று சொல்லிப் பார்த்தேன். திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடிக்கொண்டே இருந்தாள்.

பிடிவாரின் முனையில் கை நுழைக்க ஒரு வளையம் உண்டு. நான் அதை விரல்களால் பிடித்துக்கொள்வேன். அண்ணி மணிக்கட்டு வரைக்கும் நுழைத்துக்கொண்டு, வளையல் மாதிரி போட்டிருப்பார். குழந்தையை உள்ளே விட்ட பிறகும் சில நேரம் கழற்ற மாட்டார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இவள் என்னுடையவள் என்று ஊருக்குக் காட்டிக்கொண்டு திரிகிறார் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது, வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் அண்ணியிடம், “உங்க பேத்தியா? உங்க சாடை அப்படியே இருக்கு,” என்றாள். அண்ணி சிரித்துக்கொண்டே, “ஆமா லா,” என்றார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

“சும்மா பேச்சுக்குச் சொல்லியிருப்பாங்க. இதுல என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்ல,” என்றேன். அன்று மதியம் மகளுக்கு நான்தான் ஊட்டுவேன் என்று அடம்பிடித்து ஊட்டினேன். பாதிச் சோறு என் சட்டையில் இருந்தது.

லாயாங் லாயாங் ரயில் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்ற யோசனை அண்ணியுடையது. அவர் பிறந்து வளர்ந்த ஊர். சிநேகிதி ஒருவரைப் பார்த்துவிட்டு, குழந்தைக்கு நிஜ ரயிலைக் காட்டலாம் என்றார். நாங்கள் எல்லாரும் காரில் போனோம். ஸ்டேஷன் வாசலில் எங்களை இறக்கிவிட்டு என் கணவர் காரை நிறுத்தப் போனார். ஞாயிறு சாயங்காலம், கூட்டமே இல்லை. காத்திருந்த இரண்டொருவரும் நிழலாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

பிளாட்பாரத்தில் கால் வைத்ததும் என் மகள் வழக்கம்போல் பிடிவாரின் முனையை எடுத்து அத்தையிடம் நீட்டினாள். அண்ணி கையை நுழைக்கப் போனார்.

“குடுங்க அண்ணி. இன்னைக்கு நான் புடிக்கிறேன்.”

குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது. அண்ணி என்னைப் பார்த்தார். கொடுத்துவிட்டுப் போய், சுவர் ஓரமாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மகள் எதிர்பார்த்தபடியே தரையில் உட்கார்ந்து, “அத்தே” என்று அழ ஆரம்பித்தாள். நான் வளையத்துக்குள் மணிக்கட்டை நுழைத்து, வாரை ஒரு சுற்றுச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் எழுந்திருக்கக் காத்திருந்தேன். அழட்டும் என்று இருந்தேன்.

சரக்கு ரயில் ஒன்று நிற்காமல் போகப் போவதாக அறிவிப்பு வந்தது. அந்த நேரம் பார்த்து, தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு பூனை வந்தது. நிதானமாக மஞ்சள் கோட்டைத் தாண்டி, பிளாட்பாரத்தின் விளிம்பிலேயே நடந்து போனது. மகளின் அழுகை பாதியில் நின்றது. அவள் எழுந்ததை நான் பார்க்கவில்லை. என் கை மூட்டோடு கழன்று போவது போல முன்னால் போனதுதான் தெரிந்தது. வார் விறைத்து நின்றது. அவள் மஞ்சள் கோட்டில் ஒரு காலை வைத்தபடி, பின்னால் இழுபட்டுப் பொத்தென்று உட்கார்ந்தாள். அவளை இழுத்து, வாரி எடுத்துச் சுவர் வரைக்கும் பின்னால் வந்துவிட்டேன். அதன் பிறகுதான் ரயில் வந்தது. அது போகும் காற்றில் எங்கள் உடைகள் படபடத்தன. பூனை எப்போதோ குதித்து ஓடிவிட்டது.

ரயில் போய் முடிந்ததும் என் மகள் என் தோளைத் தள்ளிக்கொண்டு கீழே இறங்கினாள். நேராகப் பெஞ்சுக்குப் போய், அத்தையின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள். நான் வாரின் முனையைப் பிடித்தபடி நின்றேன். அவளைப் பிடித்து நிறுத்தியது நான். தோள் எனக்குத்தான் வலிக்கிறது. அவள் அழப் போனது அங்கே. என் வாழ்நாளில் ஒரு ஆள்மேல் அவ்வளவு பொறாமைப்பட்டதில்லை. ரயில் சத்தம் அடங்கியும் அது அடங்கவில்லை.

அண்ணி அவளைத் தூக்கவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே, “அம்மாதான் புடிச்சாங்க,” என்றார். “அத்தை புடிக்கல. அம்மாதான்.” பிறகு என்னைப் பார்த்து, “இங்க வா, உக்காரு,” என்றார்.

உட்கார்ந்தேன். அவர் தன் வலது கையை என் முன்னால் நீட்டி, விரல்களை மடக்கிக் காட்டினார். பாதி வரைக்கும்தான் மடங்கியது.

“இதுக்கு மேல வராது. ரொம்ப நாளா இப்படித்தான். காலைல இன்னும் சுசா, கொஞ்சங்கூட மடங்காது. அதனாலதான் உள்ள வரைக்கும் நொழச்சுக்குவேன். வெரல்ல புடிச்சா நழுவிரும். மாட்டினா கழட்டறதுக்கே இன்னொரு கை வேணும்.”

கையை இழுத்து மறுபடியும் குழந்தையின் முதுகில் வைத்துக்கொண்டார்.

“நான் புடிச்சிருந்தா, என்னையும் சேத்து இழுத்திருப்பா. நல்ல வேளை நீ கேட்டு வாங்கின.”

“ஏன் அண்ணி சொல்லவே இல்ல?”

அவர் என் மகளின் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார். “சொன்னா நீ பிள்ளைய வேற எடத்துல விட்டுருவ. இல்லாட்டி வேலைய விட்டுட்டு நீயே பாத்துக்குவ. ஞாயித்துக்கெழம முழுக்க உன்கிட்ட இருக்கா பாரு, அன்னைக்கு எனக்குச் சோறு எறங்காது. நீ அவளக் கார்ல வச்சுக் கூட்டிட்டுப் போவ. நான் கதவுகிட்ட நிக்கிறதக்கூட நீ பாக்க மாட்ட.”

பார்த்திருக்கிறேன். பார்க்காதது போல இருந்திருக்கிறேன். அவருக்கும் என்மேல் பொறாமை இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. என் கணவர் ஐஸ்கிரீமோடு பிளாட்பாரத்துக்கு வந்தபோது நாங்கள் மூன்று பேரும் பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். “ரயில் பாத்தீங்களா?” என்று கேட்டார்.

“பாத்தோம்,” என்றார் அண்ணி.

மகளை வேறு இடத்தில் விடவில்லை. வெளியே போகும்போது தள்ளுவண்டியிலேயே உட்காரவைத்து வாரைப் பூட்டிவிடவேண்டும், நடக்கவிடுவது வீட்டு முற்றத்தில் மட்டும் என்று பேசி முடிவுசெய்தோம். விரல்களைக் காட்ட அண்ணியை டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மருந்தில் விறைப்பு கொஞ்சம் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. மகள் முற்றத்தில் ரயில் ஓட்டுவதும் அத்தையோடுதான். என் எரிச்சல் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வேலை முடிந்து வந்து அண்ணி வீட்டு அழைப்பு மணியை அழுத்தினால், அவள் அத்தையின் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்ப்பாள். ஒவ்வொரு நாளும் அது சுருக்கென்றுதான் தைத்தது.

மகளைப் பாலர் பள்ளியில் சேர்த்த வருடம் அண்ணியின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. அண்ணி செடெனாக் வீட்டைப் பூட்டிவிட்டுப் பாசிர் கூடாங் போய்விட்டார். ஒருநாள் என்னை அழைத்தார். “பிள்ளைய நெஞ்சுல கட்டித் தூக்குறாங்களே, அந்தப் பை வாங்கணும். என்ன பாத்து வாங்கணும்னு உனக்குத்தானே தெரியும்,” என்றார். மதிய உணவு இடைவேளை முழுக்கப் பேசினேன். தொடை வரைக்கும் தாங்குகிற அகலமான அடி, இடுப்பில் பாரம் இறங்கும் பட்டை, மார்பில் குழந்தையின் முகம் மூடாமல் தெரிவது, விரல் மடங்காதவருக்குப் பெரிய கொக்கி.

அடுத்த மாதம் பார்க்கப் போனோம். கதவைத் திறந்த அண்ணியின் நெஞ்சில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. என் மகள் ஓடத் தயாராக முன்னால் நின்றவள், அப்படியே நின்றுவிட்டாள். அண்ணி, “வா லா, வா,” என்று ஒரு கையை நீட்டினார். மறு கை குழந்தையின் தலையைப் பிடித்திருந்தது. மகள் பின்னால் வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

இதற்காக எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன். தூக்கிக்கொண்டேன். கழுத்தை இறுக்கிப் பிடித்து, என் காதுக்குள், “அந்தப் பாப்பாவ எறக்கச் சொல்லு,” என்றாள்.

“தூங்குதுமா.”

“என் அத்தே.”

“தெரியும்,” என்றேன். சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் என் மடியைவிட்டு இறங்கவில்லை. அண்ணி அடிக்கடி எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார், ஆனால் எழுந்து வர முடியவில்லை. திரும்பும் வழியில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பாப்பா மேல் எனக்கும் எரிச்சலாக இருந்தது. என் கணவர் கண்ணாடியில் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “என்ன ரெண்டு பேரும் இப்படி மூஞ்சத் தூக்கி வச்சிருக்கீங்க?” என்று கேட்டார்.