நான் கழுவிய குழாய்கள்

அன்று ஆய்வகத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். மானேஜர், இறால் உரிக்கும் ஷெட்டின் மேஸ்திரி, கிருமிச் சோதனை செய்யும் லேப்பம்மா, என் நாத்தனார், நான். வாசலில் வாட்ச்மேன் அண்ணாச்சி நின்றார். கதவு திறந்துதான் கிடந்தது, அவர் காதிலும் எல்லாம் விழுந்திருக்கும். ஆனாலும் உள்ளே வராதவரை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. எங்களுக்கு நடுவில் மேசைமேல் ஒரு மரத்தாங்கி இருந்தது. அதில் இரண்டு வரிசையாகச் சோதனைக் குழாய்கள், வாயில் பஞ்சு அடைத்தவை. முன்வரிசையில் எல்லாக் குழாய்களிலும் நீர் மாதுளஞ்சாறு போலச் சிவந்திருந்தது. பின்வரிசையில் பல குழாய்கள் மஞ்சளாக மாறிக் கலங்கியிருந்தன. சிவப்பு வரிசை நான் கழுவியது. மஞ்சள் வரிசை, எனக்குத் தெரியாமல் லேப்பம்மா தன் கையால் கழுவியது. என்னைக் குற்றவாளி என்று சொல்ல மானேஜருக்கு அந்த நிறங்களே போதுமாக இருந்தன.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. தூத்துக்குடியில் இறாலை உரித்து, உறையவைத்து, கப்பலில் வெளிநாட்டுக்கு ஏற்றும் கம்பெனி அது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வீட்டுக்காரருக்கு உப்பளத்தில் வேலை. நாத்தனார் அந்தக் கம்பெனியில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லித்தான் என்னை ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவ எடுத்தார்கள். சோப்பில் கழுவி, தோலை அரிக்கும் அமிலக் கலவையில் ஊறவைத்து, குழாய்த் தண்ணீரில் பலமுறை அலசி, கடைசியில், ஆவியைக் குளிரவைத்து ஜாடியில் நான் பிடித்துவைக்கும் வாலை நீரால் ஒரு முறை அலசிக் காயவைக்க வேண்டும். அமிலம் ஒரு துளி தங்கினாலும் உள்ளே கிருமி வளராது என்று முதல் நாளே லேப்பம்மா சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. அலசிய குழாயைத் திரும்ப எடுத்து அலசுவேன். வீட்டுக்குப் போகும் வழியில், கடைசிக் குழாயை அலசினோமா என்று பாதியில் நின்று யோசிப்பேன். அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று மற்றவர்கள் கவலைப்படுவதில்லையா, அதுபோல எனக்குக் குழாய்.

லேப்பம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு. தாமிரபரணிக் கரையில் வயல்காட்டு ஊர். படித்துவிட்டு நேராக இந்த மீன் நாற்றத்துக்குள் வந்தவர். கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார். எதையும் ஒரு தடவை கேட்டு விட்டுவிட மாட்டார். "அடுப்ப அணச்சாச்சாக்கா?" என்பார், கொஞ்ச நேரம் கழித்து, "அடுப்பு எரியுதுல்லா?" என்று மாற்றிக் கேட்பார். இரண்டு பதிலும் ஒத்துப்போனால்தான் நம்புவார். இதை நான் முதலில் தமாஷ் என்று நினைத்தேன். பிறகு, என் கவலையும் இவருடைய சந்தேகமும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று பட்டது. அவருடையது படித்தது, என்னுடையது படிக்காதது, அவ்வளவுதான்.

பெயர் தெரியாத கிருமிக்குப் பெயர் கண்டுபிடிப்பதை அவர் செய்யும்போது நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இறாலை அரைத்து, சத்துக்கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டில் தடவினால் மறுநாள் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். ஒரு புள்ளியைக் கம்பி வளையத்தால் தொட்டுக் கண்ணாடியில் தேய்த்து, ஊதாச் சாயமும் சிவப்புச் சாயமும் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் உருவத்தைப் பார்ப்பார். உருவம் மட்டும் போதாது. அதே புள்ளியைப் பல குழாய்களில் விடுவார். ஒவ்வொரு குழாயிலும் ஒவ்வொரு வகைச் சர்க்கரை. கிருமி எந்தச் சர்க்கரையைத் தின்கிறதோ அந்தக் குழாய் சிவப்பிலிருந்து மஞ்சளாகும். "ஒவ்வொண்ணுக்கும் ஒரு ருசி இருக்குக்கா. எதத் திங்கி, எத ஒதுக்குதுன்னு பாத்தா ஆளு யாருன்னு தெரிஞ்சுரும்" என்பார். எனக்கு அது பந்தியில் உட்கார்ந்திருப்பவனின் இலையைப் பார்த்து ஊரைச் சொல்வது போல இருக்கும்.

ஒரு முறை வந்த சரக்கில், வழக்கமாகத் தேடுகிற கிருமிகள் எதிலும் சேராத ஒன்று முளைத்தது. பச்சை கலந்த நீலத்தில், தட்டில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. ஆனால் சர்க்கரைக் குழாயில் விட்டால் ஒன்றுமே ஆகவில்லை. எல்லாம் சிவப்பு. திரும்ப விட்டார், சிவப்பு. மூன்றாம் தடவையும் அப்படியே. தட்டில் உயிரோடு இருப்பது நான் கழுவிய குழாய்க்குள் போனதும் செத்துப்போகிறது. துறைமுகத்தில் கப்பல் காத்திருக்கிறது என்று மானேஜர் வந்து வந்து நின்றார். அவருக்கு வேண்டியது ஒரே பதில்தான்: அந்தக் கிருமி உரித்தவர்கள் கையிலிருந்து வந்ததா, கடலிலிருந்து வந்ததா? கையிலிருந்து என்றால் அந்தச் சரக்கை உரித்த மேசைப் பெண்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அந்த மேசையில்தான் என் நாத்தனார் இருந்தாள்.

அதன்பின் ஆய்வகத்தில் காற்றே மாறிப்போயிற்று. லேப்பம்மா என்னை அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்தினார். நான் அலசும்போது பின்னால் வந்து நிற்பார். திரும்பினால் ஜன்னலைப் பார்ப்பார். அலமாரியில் ஒரு டஜன் குழாய்கள் குறைந்திருந்தன. கேட்டால் நான்தான் உடைத்தேன் என்பார்களோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். நானும் அவரைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன். ஏதோ தவறு செய்துவிட்டு என் தலையில் கட்டப் பார்க்கிறாரோ? நான் போனபிறகு இவருக்கு இங்கே என்ன வேலை? புறப்படுவதுபோல் புறப்பட்டுச் செருப்பை மறந்துவிட்டதாகத் திரும்பி வந்து பார்த்திருக்கிறேன். சும்மா உட்கார்ந்து எதையோ படித்துக்கொண்டிருந்தார். அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

அந்த ஐந்து பேர் கூடிய நாளில்தான் காணாமல்போன குழாய்களைக் கண்டேன். மஞ்சள் வரிசையில் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் அரத்தால் ஒரு சின்னக் கீறல். எனக்குத் தெரியாமல் எடுத்து, கீறி அடையாளம் வைத்து, தானே கழுவி, அதே கிருமியை இரண்டு வரிசையிலும் விட்டிருக்கிறார்.

"அவ கழுவுனது செத்துக் கெடக்கு, நீங்க கழுவுனது வளருது. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் மானேஜர். பிறகு மேஸ்திரியைப் பார்த்து, "இவ நாத்தனா உம்ம ஷெட்டுலதான இருக்கா? பூச்சிக்குப் பேரு தெரிஞ்சா அவ வேல போயிரும். அதான் இவ குழாயில என்னமோ வேல பண்ணுதா."

மேஸ்திரி என்னிடம், "டியூப் கொறையுதுன்னு ஏன் சொல்லல? உள்ளதச் சொல்லு தாயி" என்றார். தாயி என்று அவர் கூப்பிட்டால் வேலை போகப்போகிறது என்று ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"நான் ஒண்ணும் செய்யல. அலசுனதயே ரெண்டு தடவ அலசுவேன், லேப்பம்மாவக் கேளுங்க" என்றேன். லேப்பம்மா தன் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். நாத்தனார் என்னைப் பார்த்த பார்வையில் பயமும் இருந்தது, வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. அது என்னவென்று அப்போது எனக்குப் புரியவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று மானேஜர் சொன்னார். வெளியே வரும்போது திரும்பிப் பார்த்தேன். லேப்பம்மா குழாய்களைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நாத்தனார் வேலை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். ஐஸில் விறைத்த கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, எனக்காவ உங்க பொழப்பக் கெடுத்துக்கிட்டியளே" என்று அழுதாள். நான் எதுவும் செய்யவில்லை என்று சொன்னேன். "சரி மதினி, வெளிய சொல்லாண்டாம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முந்தைய நாள் அவள் பார்வையில் இருந்தது நன்றி என்று அப்போதுதான் தெரிந்தது.

ஓரிரு நாளில் வாட்ச்மேன் அண்ணாச்சி வந்து, "லேப்பம்மா ஒன்னய வரச் சொல்லுதாவ" என்றார். மானேஜர் சொன்னாரா என்று கேட்டேன். "அவரு திருநெல்வேலி போயிருக்காரு. அதான் இப்ப வரச் சொல்லுதாவ." இன்னொரு பொறியோ என்று நினைத்துக்கொண்டேதான் போனேன்.

லேப்பம்மா வா என்றுகூடச் சொல்லவில்லை. குழாய்களைத் தள்ளிவைத்து, "நீங்க பாதி கழுவுங்க, நான் பாதி கழுவுதேன். நான் உங்களப் பாத்துக்கிட்டே இருப்பேன். நீங்களும் என்னையப் பாத்துக்கிட்டே இருங்க" என்றார். அப்படியே செய்தோம். எதிரெதிரே நின்று, ஒருத்தர் கையை ஒருத்தர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு. பழைய காலத்தில் இந்தக் கரையில் சிப்பி திறக்கிற கொட்டகைகளில் காவல்காரன் இப்படித்தான் நின்றிருப்பான், எவன் முத்தை வாயில் போட்டுக்கொள்கிறான் என்று.

கழுவி முடித்தபின் விஷயத்தைச் சொன்னார். பொறி வைத்த அன்று அவர் மாற்றியது கழுவுகிற கையை மட்டுமல்ல. வழக்கமாகச் சர்க்கரை மருந்தைக் கரைக்கிற ஜாடி நீரில் நான் ஏதாவது கலந்திருப்பேனோ என்று அதையும் தொடாமல், பின்பக்கக் கிணற்றில் மூலையில் இருந்த அந்த வாளியால் தானே இறைத்து, வடிகட்டி, கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரில் சர்க்கரை மருந்தைக் கரைத்திருக்கிறார். கழுவியதும் வேறு கை, தண்ணீரும் வேறு தண்ணீர். எதனால் வளர்ந்தது என்று எப்படித் தெரியும்? வீட்டுக்குப் போய் இதை நினைத்து அவருக்குத் தூக்கம் வரவில்லையாம். அதனால் இந்தத் தடவை என் குழாய்களில் பாதிக்குக் கிணற்றுத் தண்ணீர், பாதிக்கு ஜாடி நீர். அவர் குழாய்களிலும் அப்படியே. கிருமியை விட்டு, அதை வளர்க்கும் சூட்டுப் பெட்டியில் வைத்து மூடினார்.

மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து பெட்டியைத் திறந்தோம். கிணற்றுத் தண்ணீர் இருந்த குழாய்கள், நான் கழுவியதும் அவர் கழுவியதும் ஒன்றுபோல மஞ்சளாகியிருந்தன. ஜாடி நீர் இருந்தவை, அவர் கழுவியதும்கூட, சிவப்பாகவே நின்றன. அந்தக் கிணறு கடலை ஒட்டியது. வாயில் வைத்தால் குமட்டும் உவர். கடலில் பிறந்த அந்தக் கிருமிக்கு உப்பு வேண்டியிருந்தது. தட்டில் ஊற்றும் சத்துக்கூழில் உப்பு கூடுதல், குழாய்க்குப் புத்தகத்தில் சொன்ன துளி உப்பு அதற்குப் போதவில்லை. ஜாடி நீரிலேயே உப்பைக் கூட்டிப்போட்டு ஒரு வரிசை வைத்தார். அதுவும் மஞ்சளாயிற்று. எந்தெந்தச் சர்க்கரையைத் தின்றது என்று பார்த்து, கிருமியின் பெயரையும் கண்டுபிடித்தார். உரித்த கைகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கடலின் சொந்தப் பிள்ளை. வீட்டுக்காரர் இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. "நாள் முச்சூடும் நான் உப்புலதான் நிக்கேன். ஒங்க கம்பெனிக்கு ஒரு கைப்பிடி வேணும்னு கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேன்லா!"

லேப்பம்மா என்னிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. மஞ்சள் குழாயை வெளிச்சத்தில் பிடித்தபடி, "சந்தேகப்பட்டது தப்பில்லக்கா. பாதியில நிறுத்துனதுதான் தப்பு" என்றார். மறுபடியும் அக்கா. அது எனக்காகச் செய்த சோதனையா, இல்லை அந்தக் கிருமியின் பெயர் தெரியாமல் அவரால் இருக்க முடியாததால் செய்ததா என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். ஒரு நாள் ஒன்றாகத் தோன்றும், மறுநாள் மற்றதாகத் தோன்றும்.

எனக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் நான் வேறு ஒன்றும் கேட்டேன். அன்றைக்கு இருந்த அதே ஐந்து பேரும் அதே அறையில் நிற்க வேண்டும், இரண்டு தண்ணீரையும் குழாய்களையும் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று. "ரிப்போர்ட்ல எழுதிட்டேனேக்கா" என்றார். "ரிப்போர்ட்ட எங்க நாத்தனா படிப்பாளா?" என்றேன். அவர் மானேஜரிடம் கேட்கத்தான் செய்தார். கப்பல் நேரத்தில் கூட்டம் போட முடியாது என்று மானேஜர் சொல்லிவிட்டார். அந்தச் சரக்கு கப்பலேறியதா, கொட்டப்பட்டதா என்பதும் எனக்குத் தெரியாது. மேஸ்திரி அதன்பின் என்னைத் தாயி என்றே கூப்பிட்டார், கடைசிவரை. கொஞ்ச காலத்தில் லேப்பம்மா கல்யாணமாகி வடக்கே எங்கோ போய்விட்டார்.

இப்போது நான் சர்க்கரை நோய்க்காரி. ரத்தம் கொடுக்கப் போகிற இடத்தில் அந்தப் பெண் குழாயில் என் பெயரை ஒட்டும்போது, சரியாகத்தான் ஒட்டினாளா என்று எட்டிப் பார்ப்பேன். துணைக்கு வருவது நாத்தனார்தான். போன தடவை தன் பேத்தியையும் கூட்டி வந்திருந்தாள். தாங்கியில் வரிசையாக நின்ற குழாய்களைப் பார்த்ததும் அவளுக்குப் பழசு ஞாபகம் வந்துவிட்டது.

"ஏளா, இந்த மதினியச் சாதாரணமா நெனச்சிராத. நம்ம மேச வேல போயிரக்கூடாதுன்னு அந்தக் காலத்துலயே டியூபுக்குள்ள மருந்து வச்சவ" என்றாள் பேத்தியிடம்.

"நான் ஒண்ணும் வைக்கல, அது உப்பு" என்றேன்.

"பாத்தியா, இன்னும் வாயத் தொறக்க மாட்டா" என்று என் தோளைத் தட்டினாள்.

அந்த ஐந்து பேரில் மானேஜரும் மேஸ்திரியும் செத்துப்போனார்கள். லேப்பம்மா எங்கே இருக்கிறாரோ. மிச்சம் நாங்கள் இரண்டு பேர். எங்களில் ஒருத்தி, சிவப்பு வரிசை என் கைவேலைதான் என்று உறுதியாக நம்புகிறாள். அதற்காக நாற்பது ஐம்பது வருஷமாக என்னைச் சாமிபோலத் தாங்குகிறாள். உண்மை தெரிந்தால் என்ன ஆவாள் என்று எனக்குக் கவலை. அந்தக் கவலையில், இன்னொரு முறை அழுத்திச் சொல்ல வந்த வாயை மூடிக்கொண்டு, ஊசி குத்தக் கையை நீட்டினேன்.