வளப்பூர் நாட்டுக் களத்தில் ஒரு சைக்கிள்

சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல்லுக்கு விடியற்காலை ஆறு மணிக்கு ஒரு பஸ் இருந்தது. ஆளுக்குப் பத்தணா. கூரைமேல் சைக்கிள் ஏற்றினால் மேலும் இரண்டணா. யுத்தத்துக்கு முந்தைய ஒரு கார்த்திகை மாதக் கடைசியில் அந்த பஸ்ஸில் ஏறிக் கொல்லிமலைக்குப் புறப்பட்டேன். அப்போது மலைக்கு மோட்டார் சாலை கிடையாது. இப்போது பஸ்ஸே வளைந்து வளைந்து ஏறுகிறது என்கிறார்கள். நான் பார்த்த மலையை நடந்து ஏறியவர்கள்தான் பார்த்திருப்பார்கள்.

இந்தப் பயணத்தை எழுதப் பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். அருவியையும் காட்டையும் மட்டும் எழுதலாம் என்று பார்த்தேன். நான் அங்கே செய்த காரியத்தை விட்டுவிட்டால் எழுத்து நகரவில்லை. ஆகவே அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். சம்பளத்துக்கு அது, உயிருக்குச் சைக்கிள் பந்தயம். சாலைப் பந்தயம் அல்ல, மைதானத்தில் வட்டப் பாதையில் சுற்றுகிற பந்தயம். அதற்கான சைக்கிளில் பிரேக் இருக்காது. சக்கரம் சுழலும் வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும். காலை நிறுத்திவிட்டுச் சும்மா உருண்டு போக முடியாது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் சென்னையில் மாகாணப் போட்டி. முந்தின வருஷம் அதே போட்டியில் கடைசி வளைவு வரை நான்தான் முதல். வளைவில் என் சக்கரம் கையகலம் வெளியே விலகியது. உள்பக்கமாக இரண்டு பேர் நுழைந்து போய்விட்டார்கள். அந்தக் கையகலம் ஒரு வருஷமாக என்னைத் தூங்கவிடவில்லை. மலை ஏறி இறங்கினால் மூச்சு பலப்படும், வேறு எண்ணமும் வராது என்று லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் ஏழு மைல். அங்கே வாழைக்காய் மண்டி வைத்திருந்த மஜீது பாய் எனக்குப் பழக்கம். பந்தயம் என்றால் அவருக்கும் பைத்தியம். மலையிலிருந்து தலைச்சுமையாக வாழைத்தார் கொண்டுவந்திருந்த சடையன் என்பவரிடம் என்னை ஒப்படைத்தார். சடையனுக்கு நாற்பது வயதிருக்கும். மலைமேல் வளப்பூர் நாடு என்கிற பகுதியில் சாமை பயிரிடுகிறவர்.

"ஏம்ப்பா சடையா, இவரு வாத்தியாரு. பந்தயத்துக்குப் போறவரு. மேல ஒரு வாரம் உன் ஊட்டுல வச்சுக்கோ. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குள்ள சைக்கிளோட கீழ கொண்டாந்து விட்டுரணும். பந்தயம் தவறக்கூடாது."

"அதுக்கென்னங்க பாய், கொண்டாந்து விட்டுடறேனுங்க" என்றார் சடையன். பிறகு சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார். "ஏனுங்க, இதுக்கு நிறுத்தற கட்டையே காணமுங்க?"

"பிரேக் கிடையாது."

"அப்படின்னா எங்கூட்டு மயிலைக்காளையாட்டம். அதுவும் தானா நின்னாத்தானுங்க உண்டு."

மலைக்காய்ச்சலுக்காக மஜீது பாய் ஒரு பொட்டலம் கொய்னா மாத்திரை கொடுத்தார்.

மறுநாள் அடிவாரமான காரவள்ளி வரை மாட்டு வண்டி. அங்கிருந்து காலை ஏழு மணிக்கு ஏறத் தொடங்கினோம். சடையன் சும்மாட்டின்மேல் என் சைக்கிளைப் படுக்க வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பாதை என்பது பாறைகளுக்கு நடுவே மழைத்தண்ணீர் அறுத்த பள்ளம். அரை மணியில் என் மூச்சு தொண்டைக்கு வந்துவிட்டது. தலைக்குமேல் மரங்கள் கூடிக்கொண்டன. வெயில் காசு காசாக மட்டுமே தரையில் விழுந்தது. பெயர் தெரியாத ஒரு பறவை எங்கோ ஆழத்தில் கதவைத் தட்டுவதுபோல் கூவிக்கொண்டே வந்தது.

பத்து மணி வாக்கில் ஒரு பாறை முனையில் நின்று திரும்பிப் பார்த்தேன். கால் தானாகப் பின்வாங்கியது. கீழே நாடு முழுவதும் விரிந்து கிடந்தது. நான் தினமும் நெஞ்சு வெடிக்கச் சைக்கிள் மிதிக்கும் சாலை, நகத்தால் கீறிய கோடாகத் தெரிந்தது. அதன்மேல் என்ன வேகத்தில் போனால்தான் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. அந்த எண்ணத்தை அங்கேயே பிடித்து வைத்திருக்கலாம். நான் விட்டுவிட்டேன்.

சோளக்காட்டில் மலை உச்சி சமமாகிறது. மேலே ஏறினால் கூர்மையான சிகரம் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். இருந்தது இன்னொரு நாடு! வயல், ஓடை, பலாமரம், மேகம் எல்லாம் ஒரே மட்டத்தில். ஓர் உழவர் மேகத்துக்குள் ஏரோட்டிக்கொண்டு போய், மறுபக்கம் வெளியே வந்தார். அங்கிருந்து பல மைல் நடந்து மாலையில் வளப்பூர் நாட்டை அடைந்தோம். சடையனின் மனைவி வெள்ளையம்மாள் கேழ்வரகுக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார்.

"இன்னுங்கொஞ்சம் போட்டுக்கோ கண்ணு. இந்த ஒடம்பை வச்சுக்கிட்டா பந்தயத்துக்குப் போற?"

வீட்டுக்கு எதிரே களம் இருந்தது. அந்த மலையில் சைக்கிள் உருளக்கூடிய ஒரே இடம் அதுதான் என்று பார்த்தவுடன் தெரிந்தது. சுத்த வட்டம். மண்ணைக் கொத்தி, நனைத்து, மிதித்து, சாணம் மெழுகி, புதிதாகச் செய்திருந்தார்கள். ஓரத்தில் அறுத்த சாமைக் கதிர் போராகக் குவிந்திருந்தது. மூன்று வீட்டுக்காரர்களின் ஒரு வருஷச் சோறு அது. வெள்ளிக்கிழமை மாடுகளைப் பூட்டிக் கதிர்மேல் மிதிக்கவிட்டுத் தாம்பு ஓட்டப் போகிறார்கள். அதுவரை களம் காயவேண்டும்.

"சைக்கிள் ஓட்டினால் களம் கெட்டுப் போகுமா?" என்று கேட்டேன்.

"எதுக்குங்க கெடும்? உங்க சக்கரம் ஏறுனா இன்னும் கெட்டியாத்தான் ஆகும். ஆனா ஒண்ணுங்க. வலமாத்தான் சுத்தோணும்."

வட்டப் பந்தயம் உலகம் எங்கும் இடப்பக்கமாகவே சுற்றும் என்று நான் விளக்கினேன். சடையன் முகத்தில் கலவரம் தெரிந்தது.

"எல்லாருமா இடமாச் சுத்துவாங்க? ஏனுங்க, அங்க யாரு செத்துப் போனது?"

பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். சடையன் சிரிக்கவில்லை. கொள்ளிக்குடம் எடுக்கும்போதுதான் இடமாகச் சுற்றுவார்கள், தானியம் விழப்போகிற புதுக்களத்தில் யாராவது இடமாகச் சுற்றிவிட்டால் அதில் அடித்த தானியத்தை யாரும் வாயில் வைக்கமாட்டார்கள் என்றார். மூன்று வீட்டுக்கும் தானே பொறுப்பு என்றார்.

"வலமாகவே சுற்றுகிறேன்" என்றேன்.

"வாத்தியாரு சொன்னாச் சரிதானுங்க" என்று அவர் மற்றவர்களைப் பார்த்துத் தலையாட்டினார்.

அடுத்த நாட்களில் காலையில் மலையில் நடப்பேன். மாலையில் களத்தில் வலமாகச் சுற்றுவேன். ஒருநாள் அறப்பளீசுவரர் கோயிலுக்கு அப்பால் ஆகாய கங்கைக்குச் சடையன் அழைத்துப் போனார். வேர்களைப் பற்றி இறங்கவேண்டிய சரிவு. அருவி கண்ணுக்குத் தெரியும் முன்பே பாறை நம் உள்ளங்காலில் அதிரத் தொடங்கிவிடுகிறது. அடியில் நின்று நிமிர்ந்தால், தண்ணீர் விழுவதாகத் தெரியவில்லை. மலை மேலே போவதாகத் தெரிகிறது. நான் கத்திப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. நான் இங்கிலீஷ் படித்தவன், பந்தயக்காரன் என்பதெல்லாம் அந்தச் சத்தத்தில் அடித்துக்கொண்டு போயிற்று. ஈரத்தில் நடுங்கிக்கொண்டு, காரணம் தெரியாமல் கை கூப்பினேன்.

ஆனால் மேலே ஏறி வந்ததும் பழைய கவலை வந்து உட்கார்ந்தது. வலமாகச் சுற்றிச் சுற்றி என் உடம்பு வலப்பக்கம் சாயப் பழகிவிட்டது. சென்னையில் இடப்பக்கம் சாயவேண்டும். கையகலம் மறுபடியும் விலகினால்?

வியாழக்கிழமை விடிந்தும் விடியாத நேரம். பனி மூடியிருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. பத்துச் சுற்று, யாருக்குத் தெரியப்போகிறது என்று சைக்கிளைக் களத்தில் இறக்கி இடமாகச் சுற்றத் தொடங்கினேன். பொய் சொல்லமாட்டேன், அவ்வளவு சந்தோஷமாக நான் சைக்கிள் ஓட்டியதே இல்லை. சக்கரம் நூல் பிடித்ததுபோல் உள்கோட்டில் ஓடியது. பத்து இருபதாயிற்று.

பனிக்குள்ளிருந்து வெள்ளையம்மாள் சாணக் கூடையோடு வந்து நின்றார்.

"ஐயோ, நில்லு கண்ணு! நில்லு!"

நிற்க முடியவில்லை. பெடலைப் பின்னால் அழுத்தி வேகத்தைக் குறைப்பதற்குள், அவர் கண்முன்னேயே இன்னும் இரண்டு சுற்று இடமாகப் போனேன். அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். நான் இறங்கியதும் புருஷனை எழுப்பப் போனார்.

சடையன் வந்து களத்தைப் பார்த்தார். மெழுகின சாணத்தில் மெல்லிய சக்கரத் தடம் வட்ட வட்டமாக இருந்தது.

"சுத்துனீங்களா?"

"சுற்றினேன்."

"சரி" என்றார். மண்வெட்டியை எடுத்துவந்து களத்தின் நடுவில் முதல் வெட்டு வெட்டினார்.

அன்று முழுவதும் மூன்று வீட்டு ஆண்களும் பெண்களும் களத்தைக் கொத்திப் போட்டார்கள். ஓடையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள். பிறகு கைகோத்துக்கொண்டு வலமாகச் சுற்றி மிதிக்கத் தொடங்கினார்கள். நான் ஓரத்துப் பாறையில் உட்கார்ந்திருந்தேன். இருபது பேரின் பாதங்கள் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழுந்தன. அந்த அதிர்வு பாறை வழியாக எனக்கு வந்தது. அருவியடியில் உள்ளங்காலில் உணர்ந்த அதே அதிர்வு. யாரும் முணுமுணுக்கவில்லை. முழங்கால் வரை சேறு. ஒரு சுற்று, இன்னொரு சுற்று, இன்னொன்று. சென்னையில் வட்டப் பாதையில் நான் பார்த்த எதையும் அதற்குப் பக்கத்தில் வைக்க முடியாது. அவ்வளவு அழகாக இருந்தது. என் தவறால் நடக்கிறது என்பதே சில நேரம் மறந்துபோயிற்று.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் என்னைப் பார்த்துக் கூவினார். "ஏனுங்க வாத்தியாரே, வந்து நாலு மிதி மிதிச்சா உங்க காலு தேஞ்சா போயிரும்?"

நான் எழுந்திருக்க நினைத்தேன். போட்டிக்கு ஆறு நாள்தான் இருந்தது. சேற்றில் மிதித்தால் தொடை பிடித்துக்கொள்ளும், நரம்பு இழுக்கும். "பந்தயம் இருக்கிறது" என்றேன்.

சடையன் மிதிப்பதை நிறுத்தாமலே சொன்னார்: "உடுப்பா. அவரு காலைப் பந்தயத்துக்குன்னு வச்சிருக்காரு."

அதில் கேலி இல்லை. இருந்திருந்தால் நான் இறங்கியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் நிச்சயம் இல்லை.

வெள்ளியும் சனியும் களம் காய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தாம்பு ஓட்டலாம் என்ற பதம் வந்துவிட்டது. கிழக்கே வானத்தில் மழைமேகம் கட்டியிருந்தது. சடையனின் மாடுகள்தான் முன்மாடுகள். அவர் இல்லாமல் பூட்டமாட்டார்கள். அவரோ விடிவதற்கு முன்பே சும்மாடு சுற்றிக்கொண்டு வாசலில் நின்றார்.

"கிளம்பலாமுங்களா? மத்தியானத்துக்குள்ள சேந்தமங்கலம் போய்ச் சேரோணும்."

"நானே தூக்கிக்கொண்டு போகிறேன்" என்று என் வாய் வரை வந்தது. இறக்கத்தில் சைக்கிளைச் சுமந்தால் முழங்கால் என்ன ஆகும் என்று மனம் கணக்குப் போட்டது. நான் அவர் பின்னால் நடந்தேன். வெள்ளையம்மாள் வாசலுக்கு வந்து, "போயிட்டு வாங்க வாத்தியாரே" என்றார். கண்ணு என்று சொல்லவில்லை.

பாதி இறக்கத்தில் மழை பிடித்தது. மேலே மலை மறைந்துவிட்டது. சடையன் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சைக்கிள் சீட்டின்மேல் தன் துண்டைப் போர்த்திவிட்டு, வழுக்கும் பாறைகளில் நிதானமாக இறங்கினார். மஜீது பாயின் மண்டியில் சைக்கிளை இறக்கி வைத்து, ஒரு வாய் டீ குடித்துவிட்டு, அந்த மழையிலேயே திரும்பினார். கூலியாக ஒரு ரூபாய் நீட்டினேன். பேசினது எட்டணாதானே என்று மீதியைத் திருப்பிக் கொடுத்தார்.

சென்னையில் கடைசி வளைவில் என் சக்கரம் விலகவில்லை. களத்தில் ஓடியதுபோலவே உள்கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடியது. ஜெயித்தேன். வெள்ளிக் கோப்பை கொடுத்தார்கள்.

பொங்கல் கழித்து மஜீது பாய் சேலம் வந்தபோது விசாரித்தேன். நான்கு நாள் விடாமல் மழை பெய்ததாம். போரின் அடிப்பாதி முளைத்துவிட்டதாம். மூன்று வீட்டாரும் காட்டில் வள்ளிக்கிழங்கு தோண்டித்தான் சாப்பிடுகிறார்களாம்.

"சடையன் என்ன சொன்னார்?"

"'வாத்தியாரு ஜெயிச்சாருங்களா'ன்னு கேட்டான். ஜெயிச்சிட்டாருன்னேன். 'அப்படின்னாச் சரிங்க, கொண்டுபோய் உட்டது வீணாப் போகலை'ன்னான்."

நான் மறுபடி கொல்லிமலைக்குப் போகவில்லை. போகவேண்டும் என்று தோன்றிய வருஷங்களில் வெட்கம் தடுத்தது. இப்போது முழங்கால் தடுக்கிறது. சேலத்தில் எங்கள் வீட்டு வாசலில் மூன்றே படி. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறேன். சில மாலைகளில் மேல்படியில் உட்கார்ந்து கால்களை நீட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்று பாறையின்மேல் சேறு படாமல் வைத்துக் காப்பாற்றிய கால்கள் இவைதான்.