ஒரே நம்பரில் இரண்டு கவர்

"நான் எங்க வேலை பாக்கேன்னு அவியளுக்கு யாரு சொன்னா பாய்?"

போட்டோ ஸ்டூடியோ வாசலில் நின்று, தன் புருஷனைப் பற்றிப் பேச்சியம்மாள் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. முதலாளி காதர் பாய் கையிலிருந்த பிரிண்டைக் கீழே வைத்தார்.

இது எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்தில் நடந்தது. நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்து முகத்துக் குறைகளை மறைப்பதும், படம் எடுக்க வரும் பெண்களுக்குத் தலைமுடியும் சேலை மடிப்பும் சரிசெய்து உட்கார வைப்பதும் அங்கே என் வேலை. நெகட்டிவ்களைக் காகிதக் கவரில் போட்டு வைப்போம். மறுபடி காப்பி கேட்டு வருகிறவர்கள் ரசீதைத் தொலைத்துவிட்டு வருவார்கள். மாரியப்பன் என்று பேரைச் சொன்னால் அலமாரியில் ஏகப்பட்ட மாரியப்பன்கள். அதனால் கவரின் மேல் ரேஷன் கார்டு நம்பரை எழுதச் சொன்னார் பாய். ரசீது தொலையும், கார்டை யாரும் தொலைக்கமாட்டார்கள். மண்ணெண்ணெய் வரிசையில் நின்று நின்று பெண்களுக்கு அந்த நம்பர் மனப்பாடம். நல்ல ஏற்பாடு என்றுதான் எனக்கும் பட்டது.

பேச்சியம்மாளை மம்சாபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணமான புதிதில் புருஷனோடு வந்து எங்களிடம் ஜோடிப் படம் எடுத்துக்கொண்டாள். பிறகு அடி தாங்காமல் அந்த வீட்டை விட்டு வெளியேறி, கூடப் படித்த ஒருத்தி வீட்டில் தங்கியிருந்தாள். மில்லில் வேலை கிடைத்ததும் கேட் பாஸுக்காகப் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்கத் தனியாக வந்தாள். நம்பர் கேட்டோம். அவளுக்குத் தெரிந்தது புருஷன் வீட்டுக் கார்டு நம்பர்தான். அதையே சொன்னாள்.

அடுத்த வாரம் புருஷன் கார்டோடு வந்தான். அவன் கேட்டது ஜோடிப் படம். பஞ்சாயத்தில் காட்ட வேண்டுமாம். பாய் நம்பரைப் பார்த்து அலமாரியில் தேடினார். இரண்டு கவர் இருந்தது.

"எது வேணும் தம்பி? ஜோடிப் படமா, வீட்டம்மா போன வாரம் எடுத்ததா?"

"போன வாரமா?"

"ஆமா, மில்லு கேட் பாஸுக்கு எடுத்தாங்கள்ல" என்ற பாய், மில்லின் பேரையும் சேர்த்தே சொன்னார்.

டச்சிங் மேஜையில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது. அவன் கார்டைச் சட்டைப் பைக்குள் வைத்தான். பிறகு, "ரெண்டுலயும் காப்பி போடுங்க" என்றான்.

மறுநாள் ஷிஃப்ட் விடும்போது மில் வாசலில் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்திருக்கிறான். வாட்ச்மேன் ஓடிவந்து விலக்கிவிட்டார். "குடும்பச் சண்டையத் தீத்துட்டு வேலைக்கு வா" என்று ஆபீஸில் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அதன்பிறகுதான் எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"நாந்தாம்மா சொன்னேன். கார்டு கொண்டாந்தாரு, நம்பரு சரியா இருந்துச்சு" என்றார் பாய்.

"நம்பரு வீட்டுக்கு மொத்தமா உள்ளது பாய். மாமியாளுக்கும் அதே நம்பருதான், கொழுந்தனுக்கும் அதே நம்பருதான். படத்துல இருக்க மூஞ்சி என்னோடதுல்லா."

 மறுநாள் பாய் அவளுக்காக மில்லுக்குப் போய்ப் பேசினார், காரியம் நடக்கவில்லை. தெரிந்தவர்களை விசாரித்து, திண்டுக்கல் பக்கம் விடுதியோடு இருந்த ஒரு மில்லில் இடம் பிடித்துக் கொடுத்தார். அதற்கும் படம் வேண்டியிருந்தது. நான்தான் தலை வாரி உட்கார வைத்தேன். அவள் நேராக லென்ஸைப் பார்த்தாள்.

பிரிண்ட் போட்டதும், "இத எந்த நம்பருல வைக்க?" என்று கேட்டேன்.

"எதுலயும் வைக்காத. நெகட்டிவ அவ கையிலயே குடுத்திரு" என்றார் பாய்.

அதற்குப் பிறகு எங்கள் சொந்த வரிசை நம்பர் போட்ட சீட்டு கொடுத்தோம். சீட்டைத் தொலைத்தவர்கள் நேரில் வந்தால், நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து முகத்தோடு ஒத்துப் பார்த்தோம். நிறையப் பேர் சலித்துக்கொண்டார்கள். "கார்டு அரிசி வாங்க. படம் வேணும்னா படத்துல உள்ளவிய வரட்டும்" என்பார் பாய்.

தொண்ணூறுகளின் கடைசியில் கம்ப்யூட்டர் விற்க வந்தவர், வாக்காளர் அட்டை நம்பரைப் போட்டால் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பிரித்துவிடலாம் என்றார். பாய் கேட்டது ஒன்றுதான்: "அந்த அட்டைய அவங்க வேற எங்கெல்லாம் காட்டுவாங்க?" ஓட்டுச்சாவடி, பாங்க், லாட்ஜ் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். "அப்ப அந்த நம்பர எழுதி வச்சிருக்க அத்தன எடத்துல உள்ளவனுக்கும் நம்ம அலமாரி தொறக்கும்" என்று பாய் அவரை அனுப்பிவிட்டார்.

கவுன்ட்டரில் உட்காரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவதும் இதுதான். நம்பர் சரியாக இருந்தால் ஆளும் சரியான ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். பேச்சியம்மாள் புருஷன் கொண்டுவந்ததும் சரியான நம்பர்தான்.